பிடுங்கிப் பார்த்த செம்பருத்தி

மகளே,

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் வேண்டுமென்று இருமவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் பெயரையும் ஷிபினின் பெயரையும் சேர்த்து மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் இரண்டாவதை வாசித்த பங்குச் சாமியார், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் தொண்டையில் சாம்பிராணிப் புகை ஏறியது. இருமினேன். கோயில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. சாமியார்கூடக் கையில் இருந்த தாளை மடிக்காமல் கொஞ்ச நேரம் காத்து நின்றார். வேறு எந்த அம்மா இருமியிருந்தாலும் அது இருமல்தான். நான் இருமினால் அது ஆட்சேபம். ஊருக்கு என்னைத் தெரியும். உனக்கும் தெரியும். அதனால்தான் மதியச் சோறுகூடத் தின்னாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிவிட்டாய்.

அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை. வாய்ஸ் அனுப்பினால் கேட்காமலே அழிப்பாய் என்று தெரியும், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதனால் எழுதுகிறேன். தமிழ் நீ மெதுவாகத்தான் வாசிப்பாய். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வேதபாட வகுப்பில் மட்டும் தமிழ். நல்லது, மெதுவாகவே வாசி. உன் அறைக்காரப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. அன்றைக்கும் சாமியார் அதையேதான் கேட்பார். நான் எழுந்து ஏதாவது சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவேனோ என்று உனக்குப் பயம். உண்மையைச் சொன்னால், அந்தப் பயம் எனக்கும் இருந்தது. செவ்வாய்க்கிழமை நான் உனக்குத் தெரியாமல் ஓர் இடத்துக்குப் போய்வந்தேன். எங்கே போனேன், ஏன் போனேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் யாரையும் எளிதில் நம்புவதில்லை என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கடலுக்குப் போகிறவர். காற்றை நம்பிப் போகிறவருக்கு மனுஷனை நம்புவது பெரிய காரியமா? செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் நான் தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பேன் இல்லையா, மேலே காய்ந்து கிடந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும் என்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொல்வார்: "தோமையாருக்க தங்கச்சியாக்கும் இவ. விரலு விட்டாதான் நம்புவா." சொல்லட்டும். இயேசுவின் காயத்தில் தோமையார் விரலை விட்டுப் பார்த்ததில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பார்க்காமல் தண்ணீர் ஊற்றியவர்களின் வீட்டில்தான் செடி அழுகிச் சாகிறது.

உனக்கு அந்த ரோஜா நினைவிருக்கும். நீ நான்காம் வகுப்போ ஐந்தோ. மினி லாரியில் செடி கொண்டுவந்து விற்பவனிடம் அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. ஒரு பூவோடு வந்தது, அந்தப் பூ உதிர்ந்த பிறகு மேலே ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அடியில் இருந்து ஒரு கிளை கிளம்பியது. என்ன வேகம். காலையில் ஒரு உயரம், மாலையில் ஒரு உயரம். அப்பா வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழே இருந்து வருகிறது. அது நாம் வாங்கிய ரோஜா இல்லை, ரோஜாவைத் தாங்குவதற்காக வைத்த காட்டுச் செடி. வெட்டப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "பச்சையா அழகா வளருது அம்மா, அதைப் போய் வெட்டுவியா?" அப்பாவும் உன் பக்கம். விட்டுவிட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் மேலே இருந்த ரோஜா காய்ந்து கறுத்தது. அந்தக் காட்டுக் கிளை கூரை வரை ஏறியது, முள்ளைத் தவிர ஒன்றும் தரவில்லை. அன்றிலிருந்து எது வேகமாக வளர்ந்தாலும் முதலில் அதன் அடியைப் பார்ப்பேன். செம்பருத்தியில் எறும்பு ஏறினால் இலைக்குக் கீழே மாவுப்பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். பூவை எல்லாரும் பார்ப்பார்கள். இலைக்கு அடியைப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். நம் வீட்டில் அது நான்.

அப்படித்தான் உன் கல்யாணப் பேச்சும் வந்தது. குன்னத்துகாலில் இருந்து ஷிபின் என்று ஒரு பையன். எலக்ட்ரீஷியன். குடிக்க மாட்டான், பாட்டுக் குழுவில் பாடுவான், அம்மாவுக்கு ஒரே மகன். எல்லாம் பச்சை. எல்லாம் வேகம். எனக்கு உடனே அடியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று, அவன் அம்மா வாசலிலேயே நின்று என் செடிகளைப் பார்த்து, "கொள்ளாமே மைனி, நல்ல கையாக்கும் உங்களுக்கு. உப்புக்காத்துல பிச்சி இப்பிடிப் பூக்குமா?" என்றாள். புகழ்ச்சி வந்தால் நான் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பேன். பின்னால் ஒன்றும் வரவில்லை, பலகாரத்தைத்தான் தின்றாள். அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

நீ உள்ளே காப்பி எடுத்துக்கொண்டு இருந்தாய். பெரியவர்கள் பேசிக்கொண்டு இருந்தார்கள். பையன் போனில் பேசுவதுபோல வெளியே இறங்கினான். நான் அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்தேன். காதில் போன், வாயில் பேச்சு இல்லை. என் செங்கல் நிறச் செம்பருத்தியின் பக்கம் போனான். முன்னும் பின்னும் பார்த்தான். சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, ஒரு கம்பை நறுக்கி, ஹெல்மெட்டுக்குள் போட்டு, மேலே கைக்குட்டையை வைத்து மூடினான். பெண் பார்க்க வந்தவன் கத்தியோடு வந்திருக்கிறான். வயர் சீவுகிற கத்தி என்று நீ பிறகு சொன்னாய். இருக்கலாம். ஆனால் களவு களவுதான்.

நீ கேட்பாய், ஊரில் யார்தான் கம்பு களவெடுக்கவில்லை என்று. சரிதான். கேட்டு வாங்கிய கம்பு வேர் பிடிக்காது, சொல்லாமல் ஒடித்ததுதான் பிடிக்கும் என்பது இங்கே பாதிரியார் வீட்டுச் சமையல்காரி வரை எல்லாரும் நம்புகிற வேதம். அந்தச் செம்பருத்தியே களவுப் பொருள்தான். தனுவச்சபுரத்தில் நான் படித்த காலேஜுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு வேலியில் நின்றது. இரண்டாம் வருஷம் நடுவில் ஒரு நாள், இனி இந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட மாட்டேன் என்று முடிவெடுத்தேன். அன்றைக்குத் திரும்பும்போது அந்த வேலியில் ஒரு கம்பை ஒடித்து டிபன் பாத்திரத்தில் போட்டேன். அந்தப் படிப்பில் இருந்து நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான். அடுத்த வருஷம் உன் அப்பா வந்தார், அதற்கடுத்த வருஷம் நீ வந்தாய். அதற்குப் பிறகு துணிக்கடை, தையல், அங்கன்வாடி என்று எத்தனையோ இடத்தில் போய் நின்றுவிட்டு வந்தேன். எதிலும் தரிக்கவில்லை. செம்பருத்தி மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. எல்லா மாதமும் பூக்கிறது, வெட்டினால் இரண்டாகக் கிளைக்கிறது, உப்புக்காற்றில் இலை கருகினாலும் அடுத்த மழைக்கு எழுந்துவிடுகிறது. அதில் ஒருவன் கத்தி வைத்தால் எனக்கு வலிக்கும்.

வண்டி போன பிறகு உன்னிடம் சொன்னேன். "மக்கா, இவன் கள்ளனாக்கும்." நீ சிரித்தாய். இரண்டாம் தடவை சொன்னபோது சிரிக்கவில்லை. "ஒரு கம்புக்கு வேண்டி கல்யாணத்த முடக்குவியா? உனக்கு அவனைப் பிடிக்கல்லன்னா நேரா சொல்லு." நேராக என்ன சொல்வது? அவனைப் பிடிக்கவில்லை என்று இல்லை. அவனைத் தெரியவில்லை. நீ போனில் ஒரு மணி நேரம் பேசினால் தெரிந்துவிடும் என்கிறாய். என்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் அப்பா வாயே திறக்கவில்லை. அதனால் தப்பித்தேன். பேசுகிறவனாக இருந்திருந்தால் நம்பியிருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அவன் நறுக்கிய இடத்தைப் போய்ப் பார்த்தேன். பூ இருந்த இளங்கொழுந்தை அவன் தொடவில்லை. பென்சில் கனத்தில், பச்சை மாறித் தவிட்டு நிறம் வந்த கம்பு. கணுவுக்குக் கீழே சாய்த்து, பட்டை கிழியாமல் வெட்டியிருக்கிறான். விஷயம் தெரிந்த கை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. தெரியாமல் செய்கிற கள்ளனை மன்னிக்கலாம். தெரிந்து செய்கிறவன் அந்தக் கம்பை என்ன செய்தான் என்று பார்க்காமல் எனக்கு உறக்கம் வராது. காட்டுவதற்கு எடுத்தானா, வளர்ப்பதற்கு எடுத்தானா? ஹெல்மெட்டில் இருந்து எடுத்து ஒரு மூலையில் எறிந்துவிட்டானா? அதைப் பார்த்தால் ஆளைப் பார்த்ததுபோல. இப்படித்தான் என் புத்தி போயிற்று. முதல் ஓலை வாசித்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் ஓலைக்கு இருமல் வந்தது. நீ போய்விட்டாய். செவ்வாய்க்கிழமை நான் குன்னத்துகாலுக்கு பஸ் ஏறினேன்.

சொல்லாமல் போய் நின்றேன். அவன் அம்மா முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. "என்ன மைனி, சொல்லாம வந்திய? வல்ல பிரச்சனையும் உண்டா?" கல்யாணம் நின்றுவிட்டது என்று நினைத்தாள். பாவம். "ஒண்ணுமில்ல, பாறசாலையில ஒரு காரியமா வந்தேன், அப்பிடியே ஏறினேன்" என்றேன். பாறசாலைக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையில் இருக்கிற தூரம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் காப்பி போட உள்ளே போனாள். நான் வீட்டைச் சுற்றி நடந்தேன்.

முன்னால் இல்லை. கிணற்றடியில் இல்லை. குப்பைக் குழியைக்கூட எட்டிப் பார்த்தேன். வீட்டின் பின்பக்கம், புதிதாகச் சாயம் அடித்த ஒரு அறையின் ஜன்னலுக்குக் கீழே, நிழலில், ஒரு உடைந்த மீன்கூடை கவிழ்த்து வைத்திருந்தது. கூடையைத் தூக்கினேன். என் கம்பு. மூன்று துண்டாக வெட்டி நட்டிருக்கிறான். இரண்டு காய்ந்து கறுத்துவிட்டன. மூன்றாவதில் இரண்டு துளிர், விரல் நகம் அளவில். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். உனக்கே நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், துளிர் பொய் சொல்லும் என்று. கம்புக்குள் மிச்சம் இருக்கிற சத்தில் வேர் இல்லாமலே துளிர்க்கும், பத்து நாள் நம்மை ஏமாற்றும், பிறகு கறுக்கும். வேர் இருக்கிறதா இல்லையா? எனக்குத் தெரிய வேண்டும். குனிந்து, பிடித்து, இழுத்தேன்.

வந்துவிட்டது. அடியில் வெள்ளை நூல்போல வேர். நான்கைந்து இருக்கும். அதில் பாதி என் இழுப்பில் அறுந்து மண்ணோடு போயிற்று.

கையில் கம்போடு நிற்கிறேன், பின்னால் பைக் நிற்கிற சத்தம். மதியச் சோற்றுக்கு வந்திருக்கிறான். என் கையைப் பார்த்தான். நான் கோபப்படுவான் என்று நினைத்தேன், நான் என்றால் கோபப்பட்டிருப்பேன். அவன் பக்கத்தில் வந்து குனிந்து, "வேரு உண்டா மாமி?" என்றான்.

"உண்டு. இப்ப பாதி இல்ல."

"பின்ன சாரமில்ல, போட்டும். மத்த ரெண்டையும் நானாக்கும் இப்பிடிப் புடுங்கிப் பாத்துக் கொன்னது."

"எதுக்குலே புடுங்கினே?"

"துளிரு கண்டா நம்பலாமா?"

மகளே, என் வாயில் இருந்து வர வேண்டிய வார்த்தை அது. "சரி, கேட்டா தரமாட்டேனா? கள்ளன் மாதிரி எதுக்கு எடுத்தே?" என்றேன். "கேட்டா பிடிக்காதுன்னு அம்மை சொல்லும். பின்ன அன்னைக்கு நீங்க பாத்த பார்வைக்கு வாயைத் தொறக்கவா முடியும்?" என்றான். பிறகு கூடையைக் காலால் தள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அவ போனுல எப்பளும் அந்தச் செம்பருத்திக்க காரியமாக்கும் பறைவா. எனக்கு என்ன பேசணும்னு தெரியாது. அதுதான் எடுத்தேன். நட்டு வச்சது அவளுக்குத் தெரியாது. பிடிச்சதுக்கு அப்புறம் சொல்லலாம்னு." நீ என்னோடு சண்டை போட்டுவிட்டு, அவனிடம் என் செம்பருத்தியைப் பற்றிப் பேசுகிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அங்கேயே அவனிடம் கேட்டேன். மனதில் வைத்துக்கொண்டு வர எனக்குத் தெரியாது. "எலே, எனக்க மவளையும் இப்பிடித்தான் புடுங்கிப் பாப்பியா?" அவன் உடனே இல்லை என்று சொல்லவில்லை. உடனே சொல்லியிருந்தால் நான் வரும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்பேன். கொஞ்ச நேரம் கம்பையே பார்த்தான். "மாட்டேன்னு சொன்னா நம்புவியளா?" என்றான். "நம்ப மாட்டேன்" என்றேன். "பின்ன எதுக்கு கேக்கிய?" என்று சிரித்தான். பிறகு கம்பை என் கையில் இருந்து வாங்கி, அதே குழியில் வைத்து, மண்ணை விரலால் மெதுவாக அமுக்கி, கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தான். "இனி நான் தொடல்ல. நீங்களும் தொடாதிய. செரியா?"

செரி என்றேன். அவன் அம்மா கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அவளிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. கவனித்தேன்.

இதனால் நான் அவனை நம்பிவிட்டேன் என்று எண்ணாதே. நன்றாகத் தெரிந்துகொள், அவன் சந்தேகக்காரன். ஒரு சந்தேகக்காரியின் கையில் இருந்து இன்னொரு சந்தேகக்காரனின் வீட்டுக்குப் போகிறாய். போனை ஏன் எடுக்கவில்லை, பஸ் ஏன் பிந்தியது, யாரோடு சிரித்தாய் என்று ஒரு நாள் கேட்பான். நானே உன்னிடம் இதையெல்லாம் கேட்டவள்தானே, உன் பெட்டியைத் திறந்து பார்த்தவள்தானே. எனக்கு இந்த வகை ஆளை உள்ளும் புறமும் தெரியும். மண்ணில் விரல் விட்டுப் பார்க்கிற சந்தேகம் வேறு, வேரைத் தூக்கிப் பார்க்கிற சந்தேகம் வேறு. முதலாவதற்குக் கோபப்படாதே, அது தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது. இரண்டாவதைச் செய்தால் அன்றைக்கே கையைத் தட்டிவிடு. முதல் தடவையே. இரண்டு கம்பு செத்த பிறகுதான் அவனுக்கு மூன்றாவதன் மேல் கல் வைக்கத் தெரிந்தது. எனக்கு ஒரு கம்பு போதும், நான் அவனைவிடக் கொஞ்சம் மேல். நீயும் ஒன்று செய்யக் கூடாது. துளிரைக் கண்டு மயங்காதே. புது வீடு, புது சேலை, ஞாயிறுதோறும் விருந்து, அதெல்லாம் முதல் துளிர். கம்பில் மிச்சம் இருக்கிற சத்து அது. அது உதிர்ந்து, ஒன்றுமில்லாமல் மொட்டையாக நின்று, பிறகு இரண்டாவதாக ஒரு துளிர் வரும் பார். அது வேரில் இருந்து வருவது. அதுவரை அவசரப்பட்டு நல்லது என்றும் சொல்லாதே, கெட்டது என்றும் சொல்லாதே.

அந்த இடத்துக்கு ஏற்றபடி சில காரியங்களை மாற்றிக்கொள். இங்கே நமக்கு மணல், ஊற்றிய தண்ணீர் நிற்காது, அதனால் நீ காலையும் மாலையும் ஊற்றிப் பழகியிருக்கிறாய். அங்கே செம்மண், ரப்பர் நிழல். தண்ணீர் நிற்கும். இங்கே ஊற்றியதுபோல அங்கே ஊற்றினால் எல்லாம் அழுகும். பிச்சியை மழை ஓய்ந்ததும் தயங்காமல் வெட்டு. அவன் அம்மா ஐயோ என்பாள், சொல்லட்டும். நந்தியார்வட்டத்தை ஒன்றும் செய்ய வேண்டாம், அது யாரையும் எதிர்பார்க்காது. உனக்காக ஒடித்து நட்ட இவை இரண்டும் பையில் வேர் பிடித்து நிற்கின்றன. பையைத் திருப்பிப் பார்த்துவிட்டேன், கீழே வேர் தெரிகிறது. பிடுங்கவில்லை. ஆனால் இங்கே மண்ணில் நிற்கிற எதையும் மூட்டோடு பெயர்த்துத் தர மாட்டேன். கம்புதான் தருவேன். தாய்ச்செடி எல்லாம் இங்கேயேதான் நிற்கும், உன் கட்டிலும் அதே இடத்தில்தான் கிடக்கும். அங்கே ஏதாவது பட்டுப்போனால் வந்து ஒடித்துக்கொண்டு போ. ஏன் பட்டது என்று நான் கேட்க மாட்டேன். கேட்பேன், ஆனால் தந்துவிட்டுத்தான் கேட்பேன்.

ஜன்னலுக்குக் கீழே கூடை இருப்பது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அவனாகச் சொல்லட்டும். அங்கே போன பிறகு, ராத்திரியும் பகலும் அது உன் ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கும். கையை வைத்துக்கொண்டு சும்மா இரு. கல்லை எடுக்காதே. நம் மூன்று பேரில் உனக்கு மட்டும்தான் அது முடியும், அது உன் அப்பாவின் ரத்தம்.

சனிக்கிழமை வீட்டுக்கு வா. நெத்தலி வாங்கி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார். தொண்டைக்கு சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன், சாம்பிராணிக்குப் பக்கத்தில் உட்காராமல் கதவோரமாக இடம் பார்க்கிறேன். அப்படியும் சாமியார் நிமிர்ந்து பார்க்கிற நேரத்தில் எனக்கு இருமல் வந்தால், உன் ஷாலை எடுத்து என் வாயில் திணித்துவிடு. நீ வராவிட்டால் அந்த வேலையை அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அம்மா